ஊருக்குப் போகும் வழி: சிக்கனப் பிரயாணத்தின் சிறு வரலாறு

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் ஆண்டுதோறும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம். கோடை விடுமுறை நெருங்கும். பிள்ளைகளின் பள்ளி மூடப்படும். ஊரில் பெரியவர்கள் வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பார்கள். நால்வருக்குப் போக வர இரயில் கட்டணம், வழியுணவு, உறவினருக்கு வாங்கிச் செல்லும் துணிமணிகள், அங்கே நேரும் திருமணங்களுக்கு எழுதும் மொய் ஆகிய அனைத்தையும் கூட்டினால், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஓராண்டு மிச்சம் பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே, ‘ஊருக்குப் போவதா, எங்கேனும் சென்று நாலு இடங்களைப் பார்ப்பதா?’ என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஊரே வெல்லுகிறது. நாடு பார்ப்பது செல்வர்களின் காரியம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். இதன் விளைவாக, தில்லியிலோ கொல்கத்தாவிலோ வளரும் நம் பிள்ளைகள் இப்பெரு நாட்டில் இரண்டே இடங்களை அறிந்தவர்களாகிறார்கள். ஒன்று தாம் வாழும் குடியிருப்பு. மற்றொன்று பாட்டனார் வீடு. இடையில் கிடக்கும் ஈராயிரம் கிலோமீட்டர் நிலமும் அவர்களுக்குச் சன்னலில் ஓடி மறையும் காட்சி மட்டுமே.

‘ஊரா, சுற்றுலாவா’ என்ற இக்கணக்குச் சரியானதுதானா? வரலாறு இதற்கு வேறு விடை கூறுகிறது. நம் நாட்டில் பொருள் குறைந்தவர்கள் பிரயாணம் செய்யாத காலமே இருந்ததில்லை. ஆனால், விடுமுறைப் பிரயாணம் என்று தனியாக ஒன்றை அவர்கள் விலைக்கு வாங்கியதில்லை. தலயாத்திரை, வாணிகம், திருமணம், ஊர் திரும்புதல் என்று ஏதேனும் ஓர் அவசியத்தின் பொருட்டுப் புறப்பட்டார்கள். பார்க்க வேண்டியவற்றை அவ்வவசியப் பயணத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். தங்குமிடத்தைப் பொதுவில் பெற்றார்கள். இவ்விரு வழக்கங்களும் எவ்வாறு வளர்ந்தன, எங்கே குறைபட்டன, இன்று எவ்வடிவில் நமக்குப் பயன்படும் என்பதை இங்கே காண்போம்.

சாலையும் சத்திரமும்

வழிச்செல்வோரைப் பேணுவது அரசனின் கடமை என்ற எண்ணம் இந்நாட்டில் மிகப் பழமையானது. சாலையோரங்களில் ஆலமரங்களை நட்டதையும், மாந்தோப்புகளை வைத்ததையும், கிணறுகள் தோண்டியதையும், தங்குமிடங்கள் அமைத்ததையும் பேரரசர் அசோகர் தம் தூண் சாசனத்தில் குறித்திருக்கிறார். மனிதர்களோடு விலங்குகளும் அவற்றால் பயன்பெற வேண்டும் என்பது அவர் நோக்கம். 1540 முதல் 1545 வரை வட இந்தியாவை ஆண்ட ஷேர்ஷா, பெருவழிகளில் இரண்டு குரோசத்துக்கு ஒன்றாகச் சராய்களைக் கட்டுவித்தார். அங்கே இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே தங்குமிடமும் குடிநீரும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன. 1767 முதல் 1795 வரை மாளவத்தை ஆண்ட இராணி அகல்யாபாய் ஹோல்கர், தம் நாட்டின் எல்லைக்கு அப்பாலும் காசி முதலிய தலங்களில் படித்துறைகளையும் தருமசாலைகளையும் கட்டுவித்தார். தம் குடிகள் அல்லாதவரும் தங்கிச் செல்ல வேண்டும் என்று ஓர் அரசி பொருள் செலவிட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழகத்தில் இவ்வறம் சத்திரம் என்ற பெயரில் தழைத்தது. மதுரையில் இரயிலைவிட்டு இறங்கியவுடன் எதிரே காணப்படும் மங்கம்மாள் சத்திரம், 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த இராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. தஞ்சை மராத்திய மன்னர்கள், இராமேசுவரம் செல்லும் சாலையில் தொடர்ச்சியாகச் சத்திரங்களை நிறுவினார்கள். ஒரத்தநாட்டில் உள்ள முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் கும்பினியாரின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இச்சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறார். வந்தவர் யாராயினும் சோறு இடப்பட்டது. சமைத்த உணவைக் கொள்ளாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் அளக்கப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. நோயுற்றவர்க்கு மருத்துவமும், குழந்தைகளுக்குப் பாலும், வழியில் இறந்தவர்க்கு ஈமக்கடனும் சத்திரத்தின் பொறுப்பாக இருந்தன.

இவற்றைப் படிக்கும்போது, அக்காலத்துப் பிரயாணம் செலவற்றது என்று தோன்றலாம். உணவுக்கும் உறைவிடத்துக்கும் பணம் தேவைப்படவில்லை என்பது மெய்யே. ஆனால், அதற்கு ஈடாகக் காலத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமையா என்பவர் 1830 மே மாதத்தில் காசிக்குப் புறப்பட்டார். ஐதராபாத், நாகபுரி, பிரயாகை, காசி, கயை, கல்கத்தா ஆகிய இடங்களைக் கண்டு, கீழைக் கடற்கரை வழியே அவர் சென்னைக்குத் திரும்பியது 1831 செப்டம்பரில். பதினைந்து மாதங்களுக்கு மேல் வழியிலேயே கழிந்தன. உடன் சென்றவர்கள் ஏறக்குறைய நூறு பேர். அவர் தெலுங்கில் எழுதிய யாத்திரைக் குறிப்புகள் 1838-இல் நூலாக வெளிவந்தன. பதவியும் வசதியும் உள்ளவர் ஒருவர் பல்லக்குடனும் பரிவாரத்துடனும் சென்றே இத்தனை காலம் ஆயிற்று என்றால், கால்நடையாகச் சென்ற ஏழை யாத்திரிகர் எத்தனை மாதக் கூலியை இழந்திருப்பார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

புகைவண்டி வந்த பின்

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடிற்று. தூரம் 34 கிலோமீட்டர். தென்னாட்டில் 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் பிரயாணத்தின் கணக்கே தலைகீழாக மாறியது. மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. ஆனால், சத்திரத்துச் சோற்றைப்போல் வண்டியில் இடம் இலவசமாகக் கிடைக்கவில்லை. சன்னலில் காசை வைத்தால்தான் சீட்டு வரும். காலம் மிச்சமாயிற்று, கைப்பொருள் தேவையாயிற்று.

இந்திய மக்கள் இவ்வண்டிகளில் ஏறுவார்களா என்று தொடக்கத்தில் ஐயுற்றவர்கள் உண்டு. யாத்திரிகர் கூட்டம் அந்த ஐயத்தை விரைவில் போக்கியது. கம்பெனிகளுக்குப் பயணிகள் மூலம் கிடைத்த வருவாயில் பெரும்பங்கு, முதல் வகுப்பு மெத்தைகளிலிருந்து வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பலகைகளிலிருந்தே வந்தது. இரயிலைத் தொடர்ந்து பழைய அறமும் புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தது. பெருவழியில் இருந்த சத்திரம் நிலையத்தின் வாயிலுக்கு வந்தது. வடநாட்டு நகரங்களில் வணிகர்கள் நிலையங்களுக்கு அருகே தருமசாலைகளைக் கட்டினார்கள். சென்னையில் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் இராஜா சர் இராமசாமி முதலியார் பெயரால் எழுந்த சத்திரமும் இத்தகையதே. காசி, பிரயாகை, கயை முதலிய தலங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திவரும் சத்திரங்கள், வடமொழியோ இந்தியோ அறியாத தென்னாட்டு யாத்திரிகர்கள் தம் மொழியில் வழிகேட்டுத் தங்குவதற்கு உதவின.

முப்பத்தொரு ரூபாய்ப் பிரயாணம்

இரயிலும் தருமசாலையும் கைகோத்த அக்காலத்தில், குறைந்த செலவில் நாடு பார்ப்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று 1902-இல் கிடைக்கிறது. கல்கத்தாவில் கோகலே அவர்களோடு ஒரு மாதம் தங்கியிருந்த காந்தியடிகள், அங்கிருந்து இராஜகோட்டைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எப்படியும் போயாக வேண்டிய பயணம் அது. அதை மூன்றாம் வகுப்பில் செய்வதென்றும், வழியில் காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய நான்கு ஊர்களில் ஒவ்வொரு நாள் இறங்குவதென்றும் அவர் திட்டமிட்டார்.

அதற்கு அவர் செய்துகொண்ட ஏற்பாடுகளைத் தம் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். பன்னிரண்டு அணா விலையுள்ள கித்தான் பை ஒன்று. அதனுள் முரட்டுக் கம்பளிச் சட்டை, வேட்டி, துண்டு, உள்சட்டை. போர்த்திக்கொள்ள ஒரு கம்பளம். தண்ணீருக்கு ஒரு செம்பு. உணவுப் பாத்திரத்தைக் கோகலே அளித்தார். அதில் இனிப்பு உருண்டைகளும் பூரிகளும் நிறைந்திருந்தன. பாலன்பூர் நீங்கலாக மற்ற ஊர்களில் சாதாரண யாத்திரிகர்களைப்போல் தருமசாலைகளிலும் பண்டாக்களின் வீடுகளிலும் தங்கினார். மெயில் வண்டிகளில் கூட்டமும் கட்டணமும் மிகுதி என்பதை அறிந்து, பெரும்பாலும் சாதாரண வண்டிகளையே தேர்ந்தெடுத்தார். இரயில் கட்டணம் உட்பட மொத்தச் செலவு 31 ரூபாய்க்கு மேற்படவில்லை என்பது அவர் நினைவு.

இத்திட்டத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். முதலாவதாக, பிரயாணத்துக்கென்று புதிதாகப் பயணம் எதுவும் சேர்க்கப்படவில்லை. கட்டாயப் பயணம் ஒன்றே ஐந்தாகப் பகுக்கப்பட்டது. இரண்டாவதாக, பார்க்கும் இடங்கள் பணத்தை நோக்கி அல்லாமல் நாட்களை நோக்கி வரையறுக்கப்பட்டன. இந்நான்குக்கு மேல் பார்க்கத் தமக்கு அவகாசமில்லை என்று அவர் விட்டுவிட்டார். மூன்றாவதாக, விரைவுக்கு விலை கொடுக்கப்படவில்லை. நான்காவதாக, உணவும் நீரும் கூடவே சென்றன. ஐந்தாவதாக, தங்குமிடம் பொதுவில் கிடைத்தது. இவ்வைந்தும் இன்றைக்கும் செல்லுபடியாகும் விதிகளே.

இச்சிக்கனம் கண்ணை மறைத்துவிடவுமில்லை. காசியில் அவர் கங்கையில் நீராடினார். விசுவநாதர் ஆலயத்தின் சூழலில் கண்ட அசுத்தத்துக்கு வருந்தினார். உடல் நலம் குன்றித் தேறிவந்த அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்று கண்டார். மக்களோடு மக்களாகச் சென்றமையால், மக்களின் நிலை அவருக்குத் தெரிந்தது.

தண்ணீர் கிடைக்காத பயணம்

ஆயினும், பொதுவில் தங்கும் வழக்கத்தைப் புகழ்ந்து மட்டும் நாம் நின்றுவிடலாகாது. அந்தப் பொது எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா என்று கேட்க வேண்டும். பல சத்திரங்களில் சாதிக்கு ஓர் இடமும் பந்தியும் என்ற பிரிவினை இருந்தது. வாயிலைக் கடக்கவே முடியாதவர்களும் இருந்தார்கள்.

காந்தியடிகளின் பிரயாணத்துக்குச் சற்று முன்னர், ஏறக்குறைய 1901-இல், நான்கு சிறுவர்கள் கோடை விடுமுறைக்காக இரயில் ஏறினார்கள். அவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் நம் அரசியல் சாசனத்தை உருவாக்கிய டாக்டர் அம்பேத்கர். கோரேகானில் வேலையாயிருந்த தந்தையாரிடம் செல்வதற்காகச் சதாராவிலிருந்து புறப்பட்டு, மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். நல்ல உடை உடுத்தியிருந்தார்கள். கையில் பணம் இருந்தது. அவர்கள் மகார் வகுப்பினர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இறுதியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்கு இசைந்தார். அதுவும், சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும், தாம் நடந்து வருவார் என்ற நிபந்தனையின் பேரில். அன்றிரவு அவர்களிடம் உணவு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பாரில்லை. பசியோடு உறங்கினார்கள். இதனை டாக்டர் அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒருவருக்கு 31 ரூபாயில் நாடு திறந்தது. மற்றவருக்கு இரட்டிப்புக் கூலி கொடுத்தும் ஒரு செம்புத் தண்ணீர் கிடைக்கவில்லை. சிக்கனப் பிரயாணம் என்பது பையில் உள்ள பணத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் பதினைந்தாம் பிரிவு கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம் காரணமான தடை கூடாது என்று விதித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமோ தருமசாலை, சராய், முசாபர்கானா என்று பெயர் சொல்லியே, அவற்றில் இடம் மறுப்பதைக் குற்றமாக்கியது. இந்நாட்டுச் சுற்றுலா வரலாற்றில் எந்த அரண்மனை விடுதியின் திறப்பு விழாவையும்விட இச்சட்டம் முக்கியமானது என்பது நம் கருத்து.

மலிவும் மானமும்

மலிவாகப் போகிறவர் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தையும் வரலாறு மெல்ல மெல்லவே மாற்றியது. 1917 செப்டம்பரில் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. அப்பயணத்தின் நெரிசலையும் அசுத்தத்தையும் விவரித்துப் பத்திரிகைகளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மிகுதி. ஆனால், மூன்றாம் வகுப்பினருக்குக் கிடைக்கும் வசதி ஐந்தில் ஒரு பங்கேனும் உண்டா, பத்தில் ஒரு பங்கேனும் உண்டா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. குறைந்த கட்டணம் கொடுப்பவரே கம்பெனியை வாழ வைக்கிறார். அவருக்கே குறைந்த கவனம் என்ற முரண்பாட்டை அக்கடிதம் வெளிச்சமிட்டது.

விடுதலைக்குப் பின்னும் இதற்கு நெடுநாள் பிடித்தது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல்தான் நீங்கிற்று. 1977 முதல் 1979 வரை இரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் மரப்பலகைகளுக்கு மெத்தை அமைக்கச் செய்தார். இரண்டு இரவுகள் வண்டியில் கழிக்கும் வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களின் முதுகு அறிந்த சீர்திருத்தம் அது.

ஓய்வுக்கு உரிமை

பிரயாணத்துக்குப் பணம் மட்டும் போதாது; ஊதியத்தோடு கூடிய விடுப்பும் வேண்டும். கூலி இழந்து ஊர் பார்ப்பவர் எவரும் இலர். 1945-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஆலைத் தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையை ஏற்படுத்தியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இருபது வேலை நாட்களுக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு அளித்தது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1956 அக்டோபரில் விடுப்புப் பயணச் சலுகை ஏற்பட்டது. சொந்த ஊருக்குச் சென்று வருவதற்கு உதவுவதே அதன் முதல் நோக்கம். வேலைக்காக ஊரைவிட்டு வந்தவர், ஊரோடு தொடர்பு அறுந்து போகலாகாது என்ற கருணை அதில் இருந்தது. மூன்றாம் சம்பளக் கமிஷனுக்குப் பின், 1974 முதல் 1977 வரையிலான நான்காண்டுத் தொகுதியிலிருந்து, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லலாம் என்று அது விரிந்தது. ஊரும் நாடும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல என்பதை அரசின் விதிகளே ஒப்புக்கொண்டன எனலாம்.

நாம் குடியேறிய மாநிலங்களின் மக்களிடமும் கற்க வேண்டியது உண்டு. வங்காளிகள் துர்க்கா பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் செல்வதைப் பல தலைமுறைகளாக வழக்கமாகக் கொண்டுள்ளனர். ‘காற்று மாற்றம்’ என்று சொல்லி, மதுப்பூர், கிரிடி, தேவகர் முதலிய ஊர்களுக்கு அரிசி பருப்புடன் சென்று, வாடகை வீட்டில் தாமே சமைத்து உண்டு, உடல் தேறித் திரும்புவார்கள். வங்கிகளின், அலுவலகங்களின் ஊழியர்கள் கூடிப் பூரி முதலிய இடங்களில் ஓய்வில்லங்கள் வைத்திருக்கிறார்கள். கூட்டாகச் செய்தால் செலவு குறையும் என்ற சத்திரத்து நியாயமே அங்கும் காணப்படுகிறது. நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் இசை விழாவுக்கும் கூடுவதோடு நில்லாமல், இத்தகைய கூட்டு ஏற்பாடுகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்றைய திட்டம்

இனி, 1902-ஆம் ஆண்டின் முறையை இன்றைய கால அட்டவணைக்குப் பொருத்திப் பார்ப்போம். இரயில் கட்டணம் தூரத்துக்கு நேர்விகிதமாக ஏறுவதில்லை. தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் கட்டணம் குறைந்துகொண்டே வரும். ஆகவே, இரண்டு குறுந்தூரச் சீட்டுகளைவிட ஒரே நெடுந்தூரச் சீட்டு மலிவு. அந்த ஒரே சீட்டில் வழியில் இறங்கவும் விதி இடமளிக்கிறது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீட்டுக்கு ஒரு முறையும், 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டதற்கு இரு முறையும் இடையில் தங்கலாம். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்கள் அனுமதி. ஆனால், முதல் தங்கல் புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் கடந்த பிறகே அமைய வேண்டும். இறங்கிய நிலையத்தில் சீட்டில் குறிப்பு எழுதி வாங்க வேண்டும். மறு பகுதிக்குரிய இட ஒதுக்கீட்டை முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும். இராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளில் இவ்வுரிமை இல்லை.

இந்த 500 கிலோமீட்டர் விதியே நமக்கு ஒரு திட்டத்தை வகுத்துத் தருகிறது. தில்லியிலிருந்து சென்னை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். போகும்போது ஆக்ராவில் இறங்க முடியாது, தூரம் போதாது. போபாலில் இறங்கலாம். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் சாஞ்சி இருக்கிறது. அதன் தெற்கு வாயிலில் ஒரு பகுதியை விதிசையின் தந்த வேலைக்காரர்கள் செதுக்கினார்கள் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறது. வணிகரும் இல்லறத்தாரும் துறவியரும் அளித்த சிறு சிறு கொடைகளின் பட்டியலையும் அங்குள்ள கல்வேலிகளில் காணலாம். இரண்டாவது தங்கலாகச் சேவாகிராமத்தைக் கொள்ளலாம். 1936 முதல் காந்தியடிகள் வாழ்ந்த எளிய குடில்களை அங்கே பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆக்ராவையோ, ஜான்சியையோ திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து கணக்கிட்டால் தூரம் தாராளமாக நிறைந்துவிடும்.

மும்பைத் தமிழர்களுக்கும் இவ்வாறே. போகும்போது கலபுரகியில் இறங்கி, 1347-இல் எழுந்த பாமினி அரசின் முதல் தலைநகரைக் காணலாம். திரும்பும்போது சோலாப்பூரில் இறங்கி, விஜயபுரத்துக் கோல்கும்பஸைப் பார்த்து வரலாம். கொல்கத்தாவிலிருந்து புறப்படுவோர் போகும்போது விசாகப்பட்டினத்தையும், திரும்பும்போது புவனேசுவரத்தையும் பூரியையும் தேர்ந்துகொள்ளலாம். இவற்றுள் எதற்கும் தனியாக ஒரு விடுமுறை தேவையில்லை. ஊருக்குச் செல்லும் விடுப்பில் இரண்டு மூன்று நாட்களை ஒதுக்கினால் போதும்.

பணத் திட்டத்துக்கு ஐந்து தலைப்புகள் போதுமானவை: போக வரக் கட்டணம், தங்கும் செலவு, உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, எதிர்பாராச் செலவு. இவற்றுள் திரும்பி வரும் கட்டணத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். சீட்டாகவே வாங்கிவிடுவது உத்தமம். 2024 நவம்பர் 1-ஆம் நாள் முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்திருக்கிறது. அந்நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதியோர்க்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆகவே, தாய் தந்தையரை உடன் அழைத்துச் செல்வோர் பழைய நினைவில் கணக்கிட்டுவிடாமல், நடப்பு விதிகளை நிலையத்தில் கேட்டறிவது நலம். அரசுச் சலுகையில் செல்வோருக்கு, குறுகிய நேர்வழிக்குரிய கட்டணமே திரும்பக் கிடைக்கும். கிளைவழிச் செலவு தம்முடையது என்பதையும் முன்னரே எண்ணிக்கொள்ள வேண்டும். தங்குவதற்கு நிலையத்து ஓய்வறைகள், தருமசாலைகள், அரசின் ஓய்வில்லங்கள் உண்டு. அவற்றுக்கு முன்கூட்டியே எழுதியோ விசாரித்தோ இடம் உறுதி செய்துகொள்வது, குழந்தைகளோடு செல்வோருக்கு இன்றியமையாதது.

ஒன்றை மட்டும் நாம் மறக்கலாகாது. சத்திரம், தருமசாலை, இரண்டாம் வகுப்புப் பெட்டி, விடுப்புப் பயணச் சலுகை ஆகிய இவை எவையும் தாமாகத் தோன்றவில்லை. சில அறச்செல்வர்களின் கொடையாலும், சில தலைவர்களின் இடித்துரையாலும், சில சட்டங்களின் வலிமையாலும் இவை அமைந்தன. பயன்படுத்துவோர் குறைந்தால் பொது வசதிகள் சுருங்கும். பயன்படுத்துவோர் பேணாவிட்டால் அவை பாழாகும். ஒரு சத்திரத்தில் தங்கினால் கூட்டித் தூய்மை செய்து, இயன்ற காணிக்கையை உண்டியில் இட்டுவிட்டுப் புறப்படுவது, அடுத்து வரும் குடும்பத்துக்கு நாம் செய்யும் உபகாரம். அங்கே எவருக்கேனும் சாதியின் பெயரால் இடம் மறுக்கப்படுமானால், அதைக் கண்டும் காணாததுபோல் இருப்பது குற்றத்துக்கு உடன்படுவதாகும்.

ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொள்ளுமாறு யாருக்கும் நாம் சொல்லவில்லை. முதியவர்கள் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கே முதல் உரிமை. ஆனால், அவர்களை அடையும் வழியும் நம்முடைய நாடே. அடுத்த விடுமுறைக்குச் சீட்டு எழுதுமுன், கால அட்டவணையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, நம் வண்டி நிற்கும் ஊர்களின் பெயர்களைப் படிக்கச் சொல்லுவோம். அவற்றுள் ஓர் ஊரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.